போன வருஷத்து வாலாட்டியேதானா இது?

கேள்வி, செப்டம்பர் 9

"எங்கள் தோட்டத்துக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதே வாலாட்டி திரும்பி வருகிறது" என்று ஆளுக்கு ஆள் சொல்கிறீர்கள். அதே இனம் வருகிறது என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதே பறவைதான் என்பதற்கு என்ன ஆதாரம்? எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரிதானே இருக்கின்றன?

செப்டம்பர் 9, இரவு

என் வீட்டுக்கு வருவது அதேதான். இது நான்காவது வருஷம். போன வருஷம் செப்டம்பர் 11, அதற்கு முந்தைய வருஷம் 8, இந்த வருஷம் இன்று காலை ஆறேகால். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற கைப்பிடிச் சுவரில், அதே மூலையில் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. மஞ்சள் வாலாட்டி. வேறொரு பறவைக்கு அந்த மூலை எப்படித் தெரியும்?

செப்டம்பர் 10

திருத்தம். அது மஞ்சள் வாலாட்டி இல்லை, சாம்பல் வாலாட்டி. நான் போட்ட படத்தைப் பார்த்து ஒருவர் சொன்னார், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வயிறும் வாலடியும் மஞ்சளாகக் கண்ணைப் பறிப்பதால் பெயரில் உள்ள சாம்பலை யாரும் நம்புவதில்லை. முதுகைப் பார்க்க வேண்டுமாம், அது சாம்பல். வால் மற்ற வாலாட்டிகளைவிட நீளம். அப்புறம் கால். மஞ்சள் வாலாட்டிக்குக் கால் கறுப்பு, இதற்கு வெளிறிய சதை நிறம். மூன்று வருஷமாகப் பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் "அதே பறவை" என்று அடித்துப் பேசினேன் என்பதை யாரும் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 12

"வேறொரு பறவைக்கு அந்த மூலை எப்படித் தெரியும்" என்று கேட்டேன் அல்லவா, நேற்று அங்கே போய் உட்கார்ந்து பார்த்ததில் அந்தக் கேள்வி விழுந்துவிட்டது. தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் அந்த மூலையில்தான் கசிகிறது. பாசி, ஈரம், சின்னச் சின்னப் பூச்சிகள். ஓடும் தண்ணீரை ஒட்டி இரை தேடுகிற பறவைக்கு என் தோட்டத்திலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. பத்து வாலாட்டிகளைக் கொண்டுவந்து விட்டாலும் பத்தும் அந்த மூலைக்குத்தான் போகும். பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் தினமும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்காகத் தினமும் ஒரே ஆள் என்று சொல்ல முடியுமா?

ஆக, இடம் ஆதாரமில்லை. தேதியும் ஆதாரமில்லை, அந்த வாரத்தில் எல்லா வாலாட்டிகளும்தான் வருகின்றன.

செப்டம்பர் 15

காலைப் பார் என்று சொன்னவருக்கு நன்றி. பார்த்தேன். வலது காலில் வெளிப்பக்கத்து முன்விரல் பாதிதான் இருக்கிறது! நுனி இல்லை, நகமும் இல்லை. பிறவியிலா, நூல் ஏதாவது சுற்றி அறுந்ததா தெரியாது. ஓடும்போது வித்தியாசம் ஒன்றும் இல்லை. நின்று திரும்பும்போது மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது, அல்லது தெரிந்துகொண்டு பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

நகத்தை வைத்துப் பறவையை அடையாளம் காண்பது பழைய உத்திதான். பெரியம்மைத் தடுப்பூசி கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னர் இதைச் செய்திருக்கிறார். ஒரு பண்ணை வீட்டில் கூடு கட்டிய 12 உழவாரன்களைப் பிடித்து, ஒவ்வொன்றின் காலிலும் இரண்டு நகங்களை வெட்டி விட்டார். அடுத்தடுத்த வருஷங்களில் தேடியபோது நகம் வெட்டிய பறவைகள் அதே கூடுகளில் இருந்தன. ஏழு வருஷம் கழித்து அப்படி ஒரு உழவாரனைப் பூனை கவ்விக்கொண்டு வந்து சமையலறையில் போட்டதாம். அவர் இறந்த மறு வருஷம், 1824-இல், இந்தக் கட்டுரை அச்சானது. பறவைகள் குளிர்காலத்தில் குளத்துச் சேற்றில் புதைந்து தூங்குகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. யாரும் நகத்தை வெட்டக் கிளம்பிவிடாதீர்கள், எனக்குத் தானாக அமைந்தது.

போன வருஷத்துப் படங்களைத் தேட வேண்டும். பழைய கைபேசியில் இருக்கின்றன.

செப்டம்பர் 21

"இன்னும் வெயிலே குறையவில்லை, அதற்குள் குளிர்காலப் பறவை எப்படி?" என்று கேட்டவருக்கு. குளிர் விரட்டித்தான் பறவை வருகிறது என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. குளிரைப் பறவை நன்றாகவே தாங்கும். வட அமெரிக்காவில் கருந்தலைச் சிக்கடீ என்று ஒன்று, பத்துப் பதினோரு கிராம் எடை, பனி உறைகிற ஊரை விட்டு எங்கும் போகாது. இரவில் உடல் வெப்பத்தைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறக்கிவிட்டு, இறகைப் பந்தாக உப்பவைத்துக்கொண்டு காலை வரை சமாளிக்கும். அது விதையும் தின்னும், பதுக்கியும் வைக்கும். வாலாட்டியால் அது முடியாது. தண்ணீரோரத்துப் பூச்சி இல்லையென்றால் அதற்குச் சாப்பாடே இல்லை. குளிர் வந்து பூச்சி செத்த பிறகு கிளம்பினால் வழியிலேயே விழுந்துவிடும். அதனால் முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

முன்கூட்டி என்றால் எதைப் பார்த்து? பகலின் நீளத்தைப் பார்த்து. 1920-களில் கனடாவின் எட்மன்டன் நகரில் வில்லியம் ரோவன் என்பவர் ஜங்கோ என்ற சிட்டுகளைத் திறந்தவெளிக் கூண்டில் வைத்து, கொட்டுகிற பனியில் மின்விளக்கு போட்டுப் பகலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். சுற்றிலும் கடுங்குளிர், ஆனால் பறவைகளின் உடம்பு வசந்தம் வந்துவிட்டது என்று இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. வெப்பநிலையும் காற்றும் மழையும் கிளம்பும் நாளைச் சற்று முன்னே பின்னே தள்ளலாம். நாட்காட்டி வெளிச்சத்தில்தான் இருக்கிறது. நாம்தான் போர்வையை எடுக்கிற அன்று குளிர்காலம் தொடங்கியதாக நினைக்கிறோம்.

செப்டம்பர் 30

படம் கிடைத்தது. போன வருஷம் நவம்பரில் எடுத்தது, முன்பக்கமாக, நெஞ்சும் இரண்டு காலும் துல்லியம். விரல் பாதிதான் இருக்கிறது. ஆனால் இடது காலில்.

இந்த வருஷத்துக்கு வலது, போன வருஷத்துக்கு இடது. வேறு பறவை. கேள்வி கேட்டவர் ஜெயித்தார், நான் தோற்றேன்.

அக்டோபர் 1

சின்னதாக ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. மூன்று வருஷமாக "வந்துவிட்டாயா" என்று கேட்டது யாரிடமோ.

அக்டோபர் 11

வாலாட்டியை விட்டுத்தள்ளுங்கள். தோட்டத்தில் மற்றதெல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. கதிர்க்குருவி ஒன்று வந்திருக்கிறது, பத்து நாளாகக் கேட்கிறேன், ஒருமுறைகூட முழுசாகப் பார்க்கவில்லை. செடிக்குள்ளிருந்து "டக்... டக்..." என்று இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி சத்தம் மட்டும். குளிர்காலப் பறவைகளில் பாதியைக் காதால்தான் பார்க்க முடியும். வாலாட்டியே அப்படித்தான், "சிட்-சிட்" என்று கூர்மையாக இரண்டு தட்டு கேட்ட பிறகுதான் அலையலையாக ஏறி இறங்கி வருவது கண்ணில் படும்.

வீட்டில் கேட்ட கேள்வி இன்னொன்று: நீலமாக மின்னிய தேன்சிட்டு எங்கே போனது? எங்கும் போகவில்லை. ஊதாத் தேன்சிட்டு ஆண், இனப்பெருக்கம் முடிந்ததும் அந்த மின்னும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெட்டையைப் போல மங்கலாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கரும்பட்டை மட்டும் மிஞ்சும். செம்பருத்திப் பக்கம் கழுத்தில் டை கட்டிய மாதிரி ஒரு மங்கல் சிட்டு வந்தால் அது இவன்தான். குயிலும் அப்படி, குரலை நிறுத்திவிட்டது, ஆளைக் காணோம் என்று நினைத்துக்கொள்கிறோம். நேற்றுகூட வேலியோரத்துப் பழமரத்தில் வாயைத் திறக்காமல் தின்றுகொண்டிருந்தது. வந்தவை சில, போனவை சில, இருந்த இடத்திலேயே வேஷம் மாற்றியவை சில. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கவே எனக்கு மூன்று நான்கு குளிர்காலம் ஆகியிருக்கிறது.

அக்டோபர் 19

எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

என் மகள் அந்தப் போன வருஷத்துப் படத்தைப் பார்த்துவிட்டு "இது ஏன் இவ்வளவு குறுகலாக வெட்டியிருக்கிறது" என்று கேட்டாள். பகிர்வதற்காக நான்தான் ஓரங்களை வெட்டியிருக்கிறேன். வெட்டாத மூலப் படத்தைத் திறந்தாள். சுற்றிலும் கறுப்புச் சட்டம், கீழே மங்கலாக ஒரு பறவையின் முதுகு.

அது கார் கண்ணாடி. நான் துல்லியம் என்று மெச்சிக்கொண்டது பறவையை அல்ல, பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்த அதன் பிம்பத்தை. கண்ணாடியில் இடது என்றால் பறவையில் வலது.

ஆக வலது கால், வெளிப்பக்கத்து முன்விரல், பாதி. செப்டம்பர் 30-இல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இதைக் கண்டுபிடித்தவள், அப்பா கொஞ்சநாள் எதையும் அடித்துச் சொல்லாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னாள்.

அக்டோபர் 20

கண்ணாடியோடு அது என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சண்டை. போன நவம்பர் முழுக்க, காலையில் அரைமணி நேரம், கொத்துவது, எகிறுவது, கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது, மறுபடி கொத்துவது. அழகு பார்க்கிறது என்று அம்மா சொல்வார். எதிராளியை விரட்டுகிறது, எதிராளி போகமாட்டேன் என்கிறான், அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் குஞ்சு இல்லை, கூடு இல்லை, பிறகு எதற்கு எல்லைச் சண்டை? சாப்பாட்டுக்கு. 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஓர் ஆற்றோரத்தில் நிக் டேவிஸ் என்பவர் கருப்பு வெள்ளை வாலாட்டிகளை நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அங்கே ஒவ்வொரு வாலாட்டியும் ஆற்றின் ஒரு பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். ஒரு கரையில் மேலே போய் மறு கரையில் கீழே வந்து ஒழுங்காகச் சுற்றும். ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது தண்ணீர் புதிதாகப் பூச்சிகளை ஒதுக்கி வைத்திருக்கும். நடுவில் வேறொருவன் புகுந்து மேய்ந்துவிட்டால் அந்தச் சுற்றே வீண், அதனால்தான் விரட்டுகிறது.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. என் சுவருக்கு அது ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வந்து வந்து போவதைப் பார்த்து ஏதோ பழக்கப் பாசம் என்று நினைத்திருந்தேன். அதன் சுற்றில் என் சுவர் ஒரு நிறுத்தம், அவ்வளவே.

கண்ணாடிக்குப் பழைய காலுறையை மாட்டிவிட்டேன். வண்டிக்காக இல்லை, பாதி நாள் அதிலேயே சக்தியைத் தொலைக்கிறது.

அக்டோபர் 27

"வழி எப்படித் தெரியும், அப்பா அம்மாவா கூட்டிவருகிறார்கள்" என்ற கேள்விக்கு ஓர் அருமையான சோதனை உண்டு. 1950-களில் பெர்டெக் என்ற டச்சுக்காரர், இலையுதிர் காலத்தில் ஹாலந்து வழியாகப் போய்க்கொண்டிருந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மைனா இனப் பறவைகளைப் பிடித்து, வளையம் மாட்டி, விமானத்தில் ஏற்றி சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் விட்டார். அவை போக வேண்டிய இடம் வட பிரான்ஸும் தென் இங்கிலாந்தும். ஏற்கெனவே போய்வந்த பெரிய பறவைகள் திசையைத் திருத்திக்கொண்டு, வழக்கமான இடம் நோக்கிப் பறந்தன. முதல் பயணம் போகிற இளசுகள் பிறவியில் வந்த திசையிலேயே பறந்து தென் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. தப்பான இடம்தான். ஆனால் அடுத்த குளிர்காலத்திலும் அந்தத் தப்பான இடத்துக்கே சில திரும்பி வந்தன!

நம் கேள்விக்கு இதைவிட நெருக்கமான பதில் எனக்குத் தெரியாது. முதல் வருஷம் திசை மட்டும், இரண்டாம் வருஷத்திலிருந்து இடம். என் சுவர் மூலைக்கு அது முதன்முதலில் வந்தது தற்செயலாக இருக்கலாம், மறுபடி வந்தது அப்படி இருக்க வேண்டியதில்லை.

நவம்பர் 2

ஒருவர் சரியாகக் கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார். விரல் போன பறவைகள் ஏராளம், நகரத்துப் புறாக்களைப் பாருங்கள், நூலும் முடியும் சுற்றி எத்தனைக்கு விரல் இல்லை, எனவே தற்செயலாக இரண்டு வாலாட்டிகளுக்கு ஒரே விரல் போயிருக்கலாமே என்று. இருக்கலாம். அதே கால், அதே விரல், அதே அளவு, அதே சுவர் என்று அடுக்கினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், ஆனால் பூஜ்யம் ஆகாது. முடிவாகச் சொல்ல வளையம்தான் வேண்டும். எண் பொறித்த அலுமினிய வளையத்தை முறையாக மாட்டத் தொடங்கியவர் டென்மார்க்கின் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், 1899-இல். பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் நாம் தொடக் கூடாத வேலை அது.

ஆசை எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதற்கு ஆடுபானின் கதை போதும். பறவை ஓவியங்களுக்குப் பேர்போன அமெரிக்கர். 1804-இல் பென்சில்வேனியாவில் ஃபீபி என்ற ஈப்பிடிப்பான் குஞ்சுகளின் காலில் வெள்ளி நூல் கட்டியதாகவும், அடுத்த வசந்தத்தில் அவற்றில் இரண்டைப் பக்கத்திலேயே கண்டதாகவும் எழுதினார். அமெரிக்காவின் முதல் வளையமிடல் என்று நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் கொண்டாடினார்கள். பிறகு தேதிகளைச் சரிபார்த்தால், அந்த அடுத்த வசந்தத்தில் அவர் பிரான்ஸில் இருந்திருக்கிறார்.

நானாவது கண்ணாடியைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

நவம்பர் 9

மூன்று நாள் அடைமழை. காணோம்.

நவம்பர் 10

வந்துவிட்டது. வால் நனைந்து நூல் மாதிரி. அம்மாதான் முதலில் பார்த்து, "வந்துட்டா உன் விரலில்லாதவ" என்றார்.

நவம்பர் 16

மாலையில் ஐந்தே முக்காலுக்கு மேல் ஏன் ஒருநாளும் கண்ணில் படுவதில்லை என்று இப்போதுதான் யோசித்தேன். வாலாட்டிகள் பகலில் தனித்தனியாக எல்லை பிடித்துக்கொண்டு சண்டை போட்டாலும் இருட்டினால் கூட்டமாகப் போய் ஒரே மரத்திலோ நாணலிலோ அடைகின்றன. பகலெல்லாம் வேலித் தகராறு, ராத்திரி ஒரே திண்ணையில் படுக்கை.

நவம்பர் 23

இலை பெருக்குவது பற்றி வீட்டில் தகராறு, இங்கே கொட்டுகிறேன். மழைக்குப் பின் உதிர்ந்த இலைகளை அம்மா தினமும் ஒரு சருகு விடாமல் கூட்டிவிடுவார். எனக்கு அது பறவையின் தட்டைப் பறிப்பது மாதிரி. ஈர இலைக்கு அடியில்தான் புழுவும் வண்டும் சிலந்தியும். ஆறுமணிக்குருவி போன்றவை வந்தால் தரையில் இலையைப் புரட்டித்தான் பசியாறும், கூட்டிய தரையில் அதற்கு ஒன்றும் இல்லை. தானியம் வைத்தால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பூச்சி தின்னிகளுக்கு அது உதவாது. வைப்பதானாலும் தட்டைக் கழுவாமல் வைக்காதீர்கள். பிரிட்டனில் 2005 வாக்கில் தொடங்கிய ஒரு தொண்டை நோய் பச்சைச் சிட்டுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பல பறவைகள் எச்சிலோடு வந்து உண்ணும் தீவனத் தட்டுகளும் தண்ணீர்க் கிண்ணங்களும் அது பரவிய வழிகளில் சேர்த்தி.

சமரசம்: வாசல் பக்கம் அம்மாவுக்கு, தொட்டிப் பக்கம் எனக்கு. தொட்டிப் பக்கத்தில் பாம்பு வந்தால் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

டிசம்பர் 6

இன்று காலை சுவரில் இரண்டு.

ஒன்றுக்கு விரல் பாதி, மற்றதற்கு எல்லா விரலும் சரியாக இருக்கிறது. நாலைந்து அடி தள்ளி நின்று இரண்டும் மேய்ந்தன, சண்டை இல்லை. டேவிஸ் இதையும் பார்த்திருக்கிறார். இரை மிகுந்த நாட்களில் எல்லைக்காரப் பறவை இன்னொன்றைப் பொறுத்துக்கொள்ளும், வந்ததும் மற்றவர்களை விரட்ட ஒத்தாசை செய்யும். இரை குறைந்தால் அதையும் துரத்திவிடும். மழைக்குப் பிறகு அந்த மூலை முழுக்கப் பூச்சி, அதனால் இருக்கலாம்.

ஆனால் எனக்கு உதைப்பது வேறு. இந்த இரண்டாவது ஆள் எத்தனை நாளாக வருகிறது? செப்டம்பரிலிருந்து காலை ஆறேகால், ஏழு பத்து என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேனே, அதில் காலைப் பார்த்து எழுதியவை எத்தனை? எண்ணினேன். 61 குறிப்பில் 17.

டிசம்பர் 7

கேள்வி கேட்டவருக்குக் கடைசியாக. முந்தைய வருஷத்துப் படங்களையும் தோண்டி எடுத்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்தது ஒன்றே ஒன்றுதான் தெளிவு, அதில் இரண்டு காலும் தண்ணீருக்குள். அதற்கும் முந்தைய வருஷம் படமே இல்லை. எனவே இரண்டு குளிர்காலம் அதே பறவை என்று நம்ப எனக்கு நல்ல காரணம் இருக்கிறது. நான்கு என்று சொன்னது வாய்ச்சவடால்.

விரலில்லாதவள் என்று அம்மா சொல்வதற்கும் ஆதாரமில்லை, இந்த இறகுக்கோலத்தில் ஆண் பெண் பிரிப்பது கஷ்டம். பிப்ரவரி மார்ச்சில் கிளம்புவதற்கு முன் ஆணுக்குத் தொண்டை கறுக்கத் தொடங்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கறுத்தாலும் அவ அவதான்" என்றார்.